பிளாட்டினத்துக்கு மாற்றாகுமா கரி?

சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டி இணைப்புத் தொழிற்சாலையில் (ஐசிஎஃப்), ஹைட்ரஜனால் இயங்கும் ரயிலின் முதல் பெட்டி 2025 ஜூலையில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. அதற்கு ஓராண்டுக்கும் முன்னர், 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி, கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய ஹைட்ரஜன் படகைப் பிரதமர் தூத்துக்குடியில் இருந்து தொடங்கிவைத்தார். புகைக்குப் பதிலாக நீராவியை வெளியிடும் வாகனங்கள் இந்தியாவில் இனி கனவல்ல என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால், இந்த வாகனங்களுக்கு உயிர்நாடியான எரிபொருள் மின்கலத்தைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். உள்ளே காகிதத்தைவிட மெல்லிய ஒரு சவ்வும், அதன் இருபுறமும் பூசப்பட்ட கருப்புப் படலமும் இருக்கும். அந்தக் கருமை கரித்தூளின் நிறம். கரித்தூளின் மீது கண்ணுக்குத் தெரியாத அளவில் பிளாட்டினத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹைட்ரஜனை நாம் நாட்டிலேயே தயாரித்துவிடலாம். பிளாட்டினத்துக்கு எங்கே போவது?

இந்தக் கேள்விக்கு விடையாக உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் முன்வைக்கும் பொருள்களுள் முதன்மையானது, பிளாட்டினத்தைச் சுமந்துகொண்டிருக்கும் அந்தக் கரியேதான். எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கி, நைட்ரஜன் போன்ற வேற்றணுக்களைக் கலந்து தயாரிக்கப்படும் கரி, பிளாட்டினத்தின் வேலையைத் தானே செய்யும் என்பது அவர்கள் கூற்று. அந்தக் கூற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை அறிந்துகொள்ள வேண்டிய காலம் இது. ஏனெனில், இதில் பொதுப்பணமும், இளம் ஆய்வாளர்களின் பல்லாண்டு உழைப்பும், தமிழகத்தின் கிராமப்புறத் தொழில் ஒன்றின் எதிர்காலமும் கலந்திருக்கின்றன.

தடை எங்கே?

எரிபொருள் மின்கலத்தில் ஒரு மின்முனைக்கு ஹைட்ரஜனும், மற்றொரு மின்முனைக்குக் காற்றில் உள்ள ஆக்சிஜனும் செலுத்தப்படுகின்றன. ஹைட்ரஜன் எளிதாக எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடும். ஆக்சிஜனின் பக்கத்தில்தான் சிக்கல். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுத்து, நான்கு எலக்ட்ரான்களை ஏற்கச் செய்து, நீராக மாற்ற வேண்டும். இயல்பாக விட்டால் இந்த வினை ஆமை வேகத்தில்தான் நடக்கும். வேகப்படுத்த ஒரு வினையூக்கி தேவை. இதுவரை கண்டறியப்பட்டவற்றுள் அமிலச் சூழலில் நின்று நிதானமாக அந்த வேலையைச் செய்வது பிளாட்டினம்.

உலகில் சுரங்கங்களில் இருந்து எடுக்கப்படும் பிளாட்டினத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. எஞ்சியதில் பெரும்பங்கு ரஷியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளுடையது. இந்தியா தன் தேவைக்கு இறக்குமதியையே நம்பியிருக்கிறது. மத்திய அரசு 2023 ஜூனில் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் பிளாட்டினக் குடும்பத் தனிமங்கள் இடம்பெற்றதற்கு இதுவே காரணம். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அவுன்ஸ் 1,000 டாலருக்கும் குறைவாக விற்ற பிளாட்டினம், அதே ஆண்டு ஜூலையில் 1,400 டாலரைக் கடந்தது. எரிபொருள் மின்கல அடுக்குகளைப் பெருமளவில் உற்பத்தி செய்யும்போது, அடுக்கின் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு வரை வினையூக்கிக்கே போய்விடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடுகள் கூறியுள்ளன.

சீனா 2025 ஏப்ரலில் அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, நம் மின்வாகன உற்பத்தியாளர்கள் காந்தங்களுக்காகத் தவித்ததைப் பார்த்தோம். கச்சா எண்ணெய்க்காக ஒரு வாசலில் காத்திருந்தவர்கள், அதிலிருந்து விடுபட்டதும் பிளாட்டினத்துக்காக வேறொரு வாசலில் காத்திருக்க நேர்ந்தால், அதற்கு எரிசக்தித் தற்சார்பு என்று பெயரிட முடியாது.

துளையும் கலப்பும்

கரியை வினையூக்கியாக்கும் எண்ணம் புதிதன்று. 1964-இல் அமெரிக்காவில் ஜாசின்ஸ்கி என்ற ஆய்வாளர், கோபால்ட் அணுவை நான்கு நைட்ரஜன் அணுக்கள் சூழ்ந்த கோபால்ட் தாலோசயனின் என்ற நிறமி, எரிபொருள் மின்கலத்தில் ஆக்சிஜனை ஒடுக்க உதவுவதைக் கண்டார். 2009-இல் இரண்டு முக்கியமான கண்டுபிடிப்புகள் வெளியாயின. லிமிங் டாய் குழுவினர், நைட்ரஜன் கலந்த கரிக் குழல்கள் காரச் சூழலில் பிளாட்டினத்தையே விஞ்சுவதாக அறிவித்தனர். கனடாவில் ஷான்-பொல் தொதலே குழுவினர், இரும்பும் நைட்ரஜனும் கலந்த நுண்துளைக் கரி அமிலச் சூழலிலும் வலுவாகச் செயல்படுவதைக் காட்டினர். அதன் பிறகு இத்துறையில் ஆய்வுக் கட்டுரைகள் வெள்ளமெனப் பெருகின.

இதன் அடிப்படை எளிதானது. தூய கரிமப் படலத்தில் எல்லா அணுக்களும் ஒரே தன்மையுடையவை. அவை ஆக்சிஜனை ஈர்ப்பதில்லை. இடையில் ஒரு நைட்ரஜன் அணு புகுந்தால், சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் பரவல் மாறுகிறது. அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்ட வழி பிறக்கிறது. படலத்தின் ஓரத்தில் அமரும் ஒரு வகை நைட்ரஜனுக்கு அருகில் உள்ள கரிம அணுவே வினை நிகழும் இடம் என்பதை ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் நாகமுரா குழுவினர் 2016-இல் எடுத்துக்காட்டினர். நம் இயற்பியல் பாடநூல்கள் இத்தகைய கலப்பை 'மாசூட்டுதல்' என்று அழைக்கின்றன. இங்கே அது மாசு அன்று, மருந்து.

வேற்றணுவைக் கலந்தால் மட்டும் போதாது. வினை நிகழும் இடத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும். உண்டாகும் நீர் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் துளைகள். ஒரு ஊருக்கு நெடுஞ்சாலையும், தெருக்களும், வீட்டு வாசல்களும் தேவைப்படுவதுபோல, நல்ல வினையூக்கிக் கரிக்கு மூவகைத் துளைகளும் வேண்டும். 50 நானோமீட்டருக்கு மேற்பட்டவை நெடுஞ்சாலைகள். 2 முதல் 50 நானோமீட்டர் வரையுள்ளவை தெருக்கள். 2 நானோமீட்டருக்கும் குறைந்தவை வாசல்கள். பெரும்பாலான வினை நிகழ்வது வாசல்களில். ஆனால், தெரு அடைபட்டால் வாசல் இருந்தும் பயனில்லை. இவ்வாறு தயாரித்த கரியில் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் 1,000 சதுர மீட்டருக்கு மேல் வரும். அதாவது, ஒரு சிட்டிகைக் கரிக்குள் சுமார் 25 சென்ட் நிலம் மடங்கிக் கிடக்கிறது.

தயாரிக்கும் முறைகள் பல. தேங்காய்த் தொட்டி, நெல் உமி போன்ற தாவரக் கழிவுகளைக் காற்று புகாமல் கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்து 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், அந்தக் காரம் கரியை அரித்துத் துளைகளை உண்டாக்கும். யூரியா, மெலமின், அம்மோனியா ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தால் நைட்ரஜன் உள்ளே நுழையும். சோயா, மீன் செதில், கோழி இறகு போன்ற புரதம் மிகுந்த பொருள்களில் நைட்ரஜன் இயல்பாகவே இருப்பதால் தனியே சேர்க்கும் தேவை குறையும். மற்றொரு முறையில், உப்பு அல்லது சிலிக்கா மணிகளைச் சுற்றிக் கரியை உருவாக்கிப் பின்னர் அந்த மணிகளைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். மணி இருந்த இடம் துளையாகும். துத்தநாகம் அடங்கிய உலோகக் கரிமச் சட்டகங்களைச் சூடேற்றுவது இன்னொரு முறை. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகி வெளியேறும்போது தன் தடத்தைத் துளையாக விட்டுச் செல்கிறது.

எத்தனை கட்டுரைகள், எத்தனை மின்கலங்கள்?

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். இந்தச் செய்முறைகளுக்கு ஓர் உலையும் சில வேதிப்பொருள்களும் இருந்தால் போதும். ஆகவே, ஏதேனும் ஓர் இலை, ஒரு தோல், ஒரு கொட்டை ஆகியவற்றைச் சுட்டுக் கரியாக்கி, துளையிட்டு, நைட்ரஜன் கலந்து, ஒரு குவளைக் காரக் கரைசலில் சோதித்து, 'பிளாட்டினத்துக்கு இணையான வினையூக்கி' என்று கட்டுரை எழுதுவது உலக வழக்கமாகிவிட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களும் இதற்கு விலக்கல்ல.

இந்தப் போக்கைக் கண்டு சலிப்புற்ற மார்ட்டின் பூமெரா என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் 2020-இல் ஒரு சோதனை செய்தனர். பறவையின் எச்சத்தைக் கிராஃபீனில் கலந்து சூடேற்றினர். அதுவும் வினையூக்கியின் திறனை உயர்த்தியது. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கந்தகமும் இருக்கும்போது உயர்த்தாமல் என்ன செய்யும்? எதைக் கலந்தாலும் திறன் கூடும் என்றால், 'கூடியது' என்று அறிவிப்பதில் புதிய அறிவு எதுவும் இல்லை என்பதே அவர்கள் சொல்ல வந்த செய்தி. அதே ஆய்வாளர் 2013-இல் வேறொன்றையும் சுட்டிக்காட்டினார். உலோகமே இல்லாதவை என்று அறிவிக்கப்பட்ட கிராஃபீன் வினையூக்கிகளின் திறனுக்கு, தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட மாங்கனீசு போன்ற உலோகங்களின் சுவடுகளே காரணமாக இருக்கக்கூடும் என்றார். தாவரக் கழிவில் இரும்பும் பொட்டாசியமும் இயல்பாகவே இருக்கும். மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் அவற்றின் அளவு மாறும். இந்த ஆண்டு சுட்ட கரியின் திறன் அடுத்த ஆண்டு சுட்ட கரிக்கு இருக்கும் என்பதற்கு உறுதி ஏது?

குவளையில் கிடைத்த வெற்றி, மின்கலத்தில் கிடைக்கும் வெற்றியாகிவிடாது என்பது அடுத்த சிக்கல். சுழலும் மின்முனையில் சில மைக்ரோகிராம் கரியைப் பூசிச் சோதிப்பது தொடக்கநிலைத் தேர்வு மட்டுமே. உண்மையான மின்கலத்தில் பிளாட்டினப் படலம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் தடிமன் உடையது. அதே வேலையைச் செய்யக் கரி வினையூக்கிக்கு ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் தேவைப்படுகிறது. அவ்வளவு தடித்த படலத்தின் அடிவரை ஆக்சிஜன் இறங்குவதும், நீர் தேங்காமல் வெளியேறுவதும் கடினம்.

ஆயுள் அதைவிடப் பெரிய சிக்கல். ஆக்சிஜன் நான்கு எலக்ட்ரான்களுக்குப் பதில் இரண்டை மட்டும் ஏற்றால், நீருக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். கரியில் இரும்பு கலந்திருந்தால், அந்தப் பெராக்சைடு சிதைந்து தீவிர வினையுறுப்புகளாக மாறி, சவ்வையும் கரியையும் அரிக்கத் தொடங்கும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் செலனே குழுவினர் 2011-இல் உருவாக்கிய புகழ்பெற்ற கரி வினையூக்கி 700 மணி நேரம் நிலைத்து நின்றது அந்நாளில் சாதனை எனப் போற்றப்பட்டது. 700 மணி நேரம் என்பது ஏறத்தாழ ஒரு மாதம். ஹைட்ரஜன் லாரிகளுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வகுத்துள்ள இலக்கோ 25,000 மணி நேரம். இடைவெளி எவ்வளவு பெரிது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இவ்வளவையும் சொல்வது ஆய்வை நிறுத்தச் சொல்வதற்காக அல்ல. கனடாவின் பல்லார்ட் நிறுவனமும் ஜப்பானின் நிஷின்போ நிறுவனமும் 2017-இல் ஒரு சிறிய எரிபொருள் மின்கலத்தில் பிளாட்டினத்தின் பெரும்பகுதியை நீக்கிவிட்டுக் கரி வினையூக்கியைப் பயன்படுத்தின. அதன் திறன் 30 வாட் மட்டுமே. ஆனால், விற்பனைக்கு வந்த பொருள். எங்கே பொருந்துமோ அங்கே தொடங்கினார்கள் என்பதே அதன் சிறப்பு.

எங்கே பொருந்தும்?

கரி சர்வரோக நிவாரணி அன்று. நீரைப் பிரித்து ஹைட்ரஜன் தயாரிக்கும் அமிலவகை மின்பகு கலத்தில், ஆக்சிஜன் வெளிப்படும் மின்முனையில் கரி நிலைக்காது. அங்குள்ள மின்னழுத்தத்தில் கரியே எரிந்து கார்பன் டை ஆக்சைடாகிவிடும். பெரிய லாரிகளுக்கும் ரயில்களுக்கும் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பிளாட்டினமே துணை.

ஆனால், காரச் சூழலில் நிலைமை வேறு. அங்கே நைட்ரஜன் கலந்த நுண்துளைக் கரி உண்மையாகவே பிளாட்டினத்துக்கு நிகராக நிற்கிறது. காது கேட்கும் கருவியில் போடும் பொத்தான் மின்கலத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அதன் மேலுள்ள சிறு ஒட்டுத்தாளைப் பிரித்த பிறகே அது வேலை செய்யத் தொடங்கும். துளை வழியாகக் காற்று உள்ளே போய், துத்தநாகத்துடன் வினைபுரிந்து மின்சாரம் தருகிறது. துத்தநாக-காற்று மின்கலம் என்பது அதன் பெயர். தீப்பிடிக்காது, விலை மலிவு. லித்தியத்துக்கு வெளிநாடுகளை எதிர்பார்க்கும் இந்தியாவிடம் துத்தநாகம் உண்டு. ராஜஸ்தானின் ராம்புரா அகுச்சா, உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களுள் ஒன்று. இந்த மின்கலத்தைத் திரும்பத் திரும்ப மின்னேற்றம் செய்யும்போது கரி அரிபடுகிறது என்ற குறை இன்னும் முழுமையாகத் தீரவில்லை. எனினும், தொலைத்தொடர்புக் கோபுரங்கள், சூரிய மின்சாரச் சேமிப்பு போன்ற நிலையான பயன்பாடுகளுக்கு, எடையும் வேகமும் பெரிதல்ல. எதிர்மின் அயனிச் சவ்வு கொண்ட எரிபொருள் மின்கலங்களும் இத்தகைய காரச் சூழலில் இயங்குபவையே.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. ஒரு மின்கலத்துக்குத் தேவைப்படும் பிளாட்டினத்தின் அளவு ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. டீசல் கார்கள் குறையும்போது அவற்றின் புகைவடிகட்டிகளில் உள்ள பிளாட்டினம் மறுசுழற்சியில் கிடைக்கும். ஆகவே, மாற்றுக்காக மெனக்கெட வேண்டுமா என்று தொழில் துறையினர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆனால், அந்தப் பழைய வடிகட்டிகளின் பெருங்கையிருப்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளது. நம்மிடம் உள்ளது சிறிதளவே. மேலும், மலிவான மின்சேமிப்பு தேவைப்படும் நாட்டில் பிளாட்டினத்தைக் குறைப்பதும், பிளாட்டினமே தேவைப்படாத கருவிகளை வளர்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

தொட்டிக்கரியின் கதை

நுண்துளைக் கரியைப் பொறுத்தவரை தமிழகம் வெறும் பார்வையாளர் அன்று. பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம், வெள்ளக்கோவில் வட்டாரங்களில் தேங்காய்ப் பருப்பு எடுத்த பின் எஞ்சும் தொட்டிகள் கரியாகச் சுடப்பட்டு, ஆலைகளில் துளையூட்டப்பட்டு, உலகெங்கும் ஏற்றுமதியாகின்றன. நம் வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளில் உள்ள கருப்பு உருளையும் பெரும்பாலும் இந்தக் கரிதான். ஏறத்தாழ மூன்று டன் தொட்டியைச் சுட்டால் ஒரு டன் கரி கிடைக்கும்.

இதே தேங்காய்த் தொட்டியிலிருந்து ஜப்பானின் குராரே நிறுவனம் மின்தேக்கிகளுக்கான உயர்தரக் கரியைத் தயாரித்து விற்கிறது. உலகெங்கும் ஆய்வகங்கள் தங்கள் கரியை ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கரியையே உரைகல்லாக வைத்திருக்கின்றன. இலங்கையின் ஹேகார்ப் நிறுவனமும் தொட்டிக்கரியை வெறும் வடிகட்டிப் பொருளாக விற்பதோடு நிற்காமல், மின்சேமிப்புக் கருவிகளுக்கான கரி வகைகளையும் உற்பத்தி செய்கிறது. மூலப்பொருள் ஒன்றுதான். சாம்பலின் அளவு, உலோகச் சுவடு, துளையின் அளவு ஆகியவற்றை ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே சீராக வைத்திருக்கும் கட்டுப்பாடுதான் விலையைத் தீர்மானிக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை வாங்காத வரை, நாம் கரியை மூட்டைக் கணக்கில் ஏற்றுமதி செய்துவிட்டு, மின்முனைத் தரக் கரியைக் கிராம் கணக்கில் இறக்குமதி செய்துகொண்டிருப்போம்.

இதில் கிராமங்கள் கொடுக்கும் விலையையும் மறந்துவிடக் கூடாது. தொட்டிகளைக் குழியிலோ உருளையிலோ இட்டுச் சுடும்போது எழும் புகை, சூடான கரியை அணைக்க ஊற்றும் நீரில் கரையும் தார், அந்த நீர் மண்ணில் இறங்குவது ஆகியவற்றால் கிணறுகள் பாழாவதாகக் காங்கயம் வட்டார விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குறை கூறி வருகின்றனர். எரிசக்திப் புரட்சியின் பெயரால் இதே முறையை இன்னும் பெருக்கினால், தில்லியின் காற்றைத் தூய்மையாக்கக் கொங்கு நாட்டின் கிணற்றைப் பலிகொடுத்தவர்கள் ஆவோம். துளையிடப் பயன்படும் காரமும், சிலிக்காவைக் கரைக்கப் பயன்படும் ஹைட்ரஜன் புளோரைடு அமிலமும் 'கழிவிலிருந்து செல்வம்' என்ற தலைப்புகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மூலப்பொருள் கழிவு என்பதாலேயே செய்முறை பசுமையாகிவிடாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, பொதுச் சோதனை மையம். அமெரிக்க எரிசக்தித் துறை 2016-இல் லாஸ் அலமோஸ், ஆர்கான் உள்ளிட்ட தேசிய ஆய்வகங்களை இணைத்து, பிளாட்டினம் இல்லாத வினையூக்கிகளுக்கென ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தியது. பல்கலைக்கழகங்களில் உருவாகும் வினையூக்கிகளை ஒரே முறையில், உண்மையான மின்கலத்தில் சோதிக்க அது வழி செய்தது. இந்தியாவிலும் அத்தகைய ஏற்பாடு வேண்டும். அதற்குக் காரைக்குடியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடையளிக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே உள்ளது. சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் எரிபொருள் மின்கலத்துக்கெனத் தனி மையமே இயங்குகிறது. மின்வேதியியல் அறிவும், மின்கலம் கட்டும் அனுபவமும், தொட்டிக்கரியும் ஒரே மாநிலத்தில் சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் ஏற்பாடுதான் தேவை.

இரண்டாவது, நிதியின் அளவும் அளவுகோலும். தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023 ஜனவரியில் ஒப்புதல் அளிக்கப்பட்டபோது ஒதுக்கப்பட்ட தொகை ரூ.19,744 கோடி. அதில் ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு ரூ.400 கோடி, அதாவது இரண்டு சதவீதம் மட்டுமே. இந்தத் தொகை உயர வேண்டும். ஆனால், தொகையை உயர்த்துவதற்கு முன் ஒரு நிபந்தனையும் வேண்டும். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதற்குப் பதில், ஆய்வுத் திட்டங்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். மின்கலத்தில் எத்தனை மணி நேரம் நின்றது? ஒரே செய்முறையில் பத்து முறை தயாரித்தபோது பத்தும் ஒன்றுபோல் இருந்தனவா? கிராமில் செய்ததைக் கிலோவில் செய்ய முடிந்ததா? செலவான காரமும் அமிலமும் எங்கே போயின? இந்த நான்குக்கும் விடையளிக்கும் ஒரு கட்டுரை, விடையளிக்காத நூறு கட்டுரைகளுக்குச் சமம். தோல்வியுற்ற முடிவுகளையும் வெளியிட ஊக்கமளித்தால், ஒரே குழியில் பலர் விழுவது குறையும்.

இளம் ஆய்வாளர்களின் நலனும் இதில் அடங்கியிருக்கிறது. ஐந்தாண்டுகள் உழைத்து, இன்னொரு இலையிலிருந்து இன்னொரு கரியைத் தயாரித்து முனைவர் பட்டம் பெறும் மாணவருக்கு, அந்தப் பட்டத்தைத் தாண்டி அத்துறையில் வேலை இல்லை. மின்கலம் கட்டவும், அது ஏன் பழுதாகிறது என்று கண்டறியவும் பயின்ற மாணவருக்கு, நாளை அமையவிருக்கும் ஒவ்வொரு மின்கல ஆலையிலும் இடமுண்டு.

மூன்றாவது, கரித் தொழிலுக்கான தரமும் தூய்மையும். மின்முனைக் கரிக்கென இந்தியத் தர நிர்ணயம் வகுத்து, தொகுதிதோறும் சோதித்துச் சான்றளிக்கும் ஆய்வகம் ஒன்றைக் காங்கயம் வட்டாரத்தில் அமைக்கலாம். திறந்த குழிகளுக்குப் பதில், புகையை உலையிலேயே எரித்து அந்த வெப்பத்தைப் பயன்படுத்தும் மூடிய உலைகளுக்குச் சிறு உற்பத்தியாளர்கள் மாறக் கடனுதவி அளிக்கலாம். அவ்வாறு மாறியவர்களுக்கே உயர்தரச் சான்று என்று விதித்தால், சுற்றுச்சூழலும் தொழிலும் ஒரே திசையில் நகரும். தார் கலந்த நீர் கிணற்றுக்குப் போகாத கரிக்குத்தான் மின்கலத்துக்குள் போகும் தகுதி உண்டு என்று நாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெரம்பூரில் சோதிக்கப்பட்ட அந்த ரயில் பெட்டி நாட்டின் பொறியியல் திறனுக்குச் சான்று. அதன் மின்கலத்துக்குள் இருக்கும் கருப்புப் படலம் நமது பொருளறிவியலுக்கு விடப்பட்ட அறைகூவல். அந்தப் படலத்திலிருந்து பிளாட்டினத்தை முழுதாக விலக்கும் நாள் அருகில் இல்லை. ஆனால், எளிய மின்கலங்களில் தொடங்கி, அளந்து, பழுது கண்டு, திருத்தி முன்னேறும் பாதை திறந்தே இருக்கிறது. இனித் தேவைப்படுவது இன்னொரு புதிய கரியன்று. கையில் இருக்கும் கரியை நேர்மையாகச் சோதித்துப் பார்க்கும் மனம்.